44-ஆம் எண் சாலையில் மார்கழி

தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் மூன்று பொருளைச் சுமக்கிறது. விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் துளியும் பனிதான். எதிரே வரும் வண்டியை மறைக்கும் வெண்மூட்டமும் பனிதான். காஷ்மீரில் வீட்டுக் கூரை மேல் முழங்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடப்பதும் பனிதான். சேலம், நாமக்கல் சமவெளி முதல் இரண்டையும் ஆண்டுதோறும் பார்க்கிறது. மூன்றாவது இங்கே பெய்ததில்லை. ஆனாலும் அது எங்கே, எப்போது, எத்தனை நாள் பெய்கிறது என்பதை இந்த இரண்டு மாவட்டங்களிலும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பலர். லாரிக்கும் முட்டைக்கும் அந்தப் பனியோடு கணக்கு இருக்கிறது.

பழைய தமிழ்க் கணக்கில் ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டுக்குப் பனியின் பெயர். மார்கழியும் தையும் முன்பனி; அதாவது இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்கும் காலம். மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் கடைசிப் பகுதியில், விடியலை ஒட்டிப் பனி விழும் காலம். 1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கு வேறு. அதில் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதங்கள்தான் குளிர்காலம். டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக்குப் போய்விடுகிறது. இரண்டு கணக்குமே சேலத்துக்கு முழுசாகப் பொருந்துவதில்லை. மார்கழி முதல் வாரமே இங்கே போர்வையை எடுக்க வைத்துவிடும். பங்குனியிலோ பனியைத் தேடினால் வெயில்தான் கிடைக்கும். ஊர் வைத்திருக்கும் கணக்கு எளிது: கார்த்திகை தீபம் முடிந்ததும் பனி தொடங்கும், மாசி சிவராத்திரியோடு போகும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழி இடைப்பட்ட நாட்களின் கடுமையைச் சொல்கிறது.

கடுமை என்பது இங்கே ஒப்பீட்டுச் சொல். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ள சேலத்தில், டிசம்பர், ஜனவரி இரவுகளின் வெப்பநிலை வழக்கமாக 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். பகலில் 30 டிகிரி. டெல்லிக்காரர்கள் இதைக் குளிர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் உடம்பு உணர்வது அளவைவிட மாற்றத்தைத்தான். ஏப்ரலில் 40 டிகிரி வரை வெந்த உடம்புக்கு இந்த 20 டிகிரியே மப்ளர் கேட்கும்.

சேலத்தின் நில அமைப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. வடக்கே சேர்வராயன் மலை, அதை ஒட்டி நகரமலை, தெற்கே சருகுமலை, மேற்கே கஞ்சமலை என்று நகரம் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழக்கிறது. மலைச் சரிவில் குளிர்ந்த காற்று கனமானது; அது தண்ணீரைப் போலவே பள்ளம் பார்த்து இறங்கிக் கிண்ணத்தின் அடியில் தேங்குகிறது. மேலே சூடான காற்று, கீழே குளிர்ந்த காற்று என்று வழக்கமான அடுக்கு தலைகீழாகிறது. வடகிழக்குப் பருவமழை நனைத்துவிட்டுப் போன மண்ணிலும் ஏரிகளிலும் ஈரம் இருப்பதால் அந்தக் காற்று விடியலில் மூடுபனியாகத் திரள்கிறது. எட்டு, எட்டரை மணிக்கு வெயில் ஏறியதும் தரை சூடாகி மூட்டம் கலைகிறது. போகிப் பண்டிகை அன்று மட்டும் அது எளிதில் கலைவதில்லை. எரித்த பாயும் பழந்துணியும் சில இடங்களில் டயரும் விட்ட புகை, மேலே போக வழியில்லாமல் அதே மூட்டத்தில் சிக்கிக் கிடக்கும்.

கண்ணுக்கு எட்டும் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே குறைந்தால்தான் வானிலையாளர்கள் அதை மூடுபனி என்கிறார்கள். சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. சரிவும் வளைவும் கன லாரிகளும் சேர்ந்து ஆண்டு முழுவதும் விபத்துக்குப் பேர் போன இடம் அது. மார்கழி விடியலில் மூட்டமும் சேரும்போது, இறக்கத்தில் கியரைக் குறைத்து ஊர்ந்து இறங்குவதைத் தவிர ஓட்டுநருக்கு வேறு வழியில்லை.

மார்கழி விடியலில் தெருக்களும் முன்னதாகவே விழித்துக்கொள்கின்றன. நாலரை மணிக்குப் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை பிடித்து அதன் தலையில் பூசணிப் பூ. கருப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்கள் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்குப் பல் நடுங்குவதைப் பார்த்தே மற்றவர்கள் வெந்நீர் போடுகிறார்கள். டீக்கடை பாய்லர் வழக்கத்தைவிட முன்பே கொதிக்கிறது. நாமக்கல் கோட்டையின் கீழே 18 அடி உயர ஆஞ்சநேயர் மேற்கூரை இல்லாத கருவறையில் நிற்கிறார். வெயிலைப் போலவே பனியும் நேராக அவர் தலையில்தான் இறங்குகிறது. மார்கழி அமாவாசையை ஒட்டி வரும் அனுமன் ஜெயந்திக்கு 1 லட்சத்து 8 வடைகள் கோத்த மாலை அவருக்குச் சாத்தப்படும். அதற்காக நாட்கணக்கில் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் அந்த வாரம் குளிர் தெரியாது.

பயிர்களுக்கு இந்தக் குளிர் வெவ்வேறு விதமாகப் பேசுகிறது. மாமரத்துக்கு அது அவசியம். மழை நின்று, மண் காய்ந்து, இரவு குளிர்ந்தால்தான் மரம் துளிர்விடுவதை நிறுத்திப் பூவெடுக்கும். சேலத்துக்குப் பேர் வாங்கித் தந்த மல்கோவா, இமாம்பசந்த், சேலம் குண்டு எல்லாவற்றின் தலையெழுத்தும் மார்கழி, தை மாதங்களில் எழுதப்படுகிறது. அந்த நேரத்தில் மழை பிந்தினால் பூவுக்குப் பதில் இலை தள்ளும். பூவெடுத்த பிறகு மூடுபனி நீடித்தால் பூங்கொத்தில் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் ஏறும். ஆக, மரத்துக்கு வேண்டியது வறண்ட குளிர். ஈரக் குளிர் வந்தால் மே மாதத்தில் பழம் குறையும்.

மல்லிகைக்குக் குளிரே ஆகாது. தையில் செடி மொட்டு விடுவதைக் குறைத்துக்கொள்கிறது, விட்ட மொட்டும் சிறுத்துப் போகிறது. முகூர்த்த மாதமும் பொங்கலும் அதே நேரத்தில் வருவதால் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் குண்டுமல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டுவது தை மாத வழக்கம். மரவள்ளி ஆலைக்காரர்களுக்கு வேறு கவலை. கிழங்கு அரவை மும்முரமாக நடக்கும் மாதங்கள் இவை. மாவும் ஜவ்வரிசியும் திறந்த களத்தில் வெயிலில் காய வேண்டும். மூட்டம் ஒன்பது மணி வரை நின்றால் களத்தில் ஒரு நாள் கூடுதலாகும். 1981-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக விற்பனைக்கு வரும் சரக்கின் வெண்மையைப் பார்த்தே விலை வைக்கிறார்கள். வெண்மையைத் தருவது வெயில். பரமத்தி வேலூர்ப் பக்கம் கரும்புப் பாகு காய்ச்சும் ஆலைக் கொட்டாய்களில் மட்டும் இந்த மாதத்தில் எல்லோருக்கும் சிரித்த முகம். பொங்கல் வெல்லத்துக்கு அப்போதுதான் தேவை, கொப்பரை அடுப்பின் பக்கத்தில் குளிரும் அண்டாது.

கோழிக்கு ஒரு வானிலை அறிக்கை

குளிரைப் பற்றி இந்தச் சமவெளியில் மிக நுணுக்கமாகக் கணக்குப் போடுவது முட்டைப் பண்ணைக்காரர்கள்தான். முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்குப் பதினாறு மணி நேர வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் மூளைக்குப் போகும் செய்தி முட்டையிடுவதைக் குறைத்துவிடும். டிசம்பர் 21, 22-இல் இந்த ஊரில் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். மீதி நாலரை மணி நேரத்தைப் பல்புதான் தர வேண்டும். இரவில் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு வரிசை வரிசையாகத் தெரியும் அந்த விளக்குகள் கோழிகளுக்காக ஏற்றப்பட்ட செயற்கை விடியல்.

அடுத்தது தீவனம். குளிர் கூடினால் உடம்புச் சூட்டைக் காக்கவே கோழி கூடுதலாகத் தின்னும். ஒரு கோழிக்கு மூன்று நான்கு கிராம் கூடினால் என்ன என்று தோன்றலாம். ஐம்பதாயிரம் கோழி உள்ள பண்ணையில் அது தினம் ஓரிரண்டு குவிண்டால். அதனால்தான் கொட்டகையின் பக்கவாட்டில் சாக்குப் படுதாவைத் தொங்கவிடுகிறார்கள். முழுதும் மூடவும் முடியாது. எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா உள்ளேயே தங்கிக் கோழிக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவரும். இரவில் இறக்கி, காலையில் ஏற்றி, காற்று திரும்பும் பக்கம் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குஞ்சுப் பண்ணையில் வேலை இன்னும் கூடுதல். முதல் வாரக் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி சூடு தேவை. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து வரலாம். வெளியே 18 டிகிரி இருக்கும் இரவில் பல்போ கரி அடுப்போ அணைந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் நெரிந்து சாகும். ஆள் தூங்க முடியாது.

இதனால்தான் நாமக்கல்லில், வேறு ஊர்களில் அதிகம் காணாத ஒரு வானிலை அறிக்கை வெளியாகிறது. 1985-இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வானிலை ஆலோசனை மையம் இருக்கிறது. அடுத்த ஐந்து நாட்களுக்கு மாவட்டத்தின் வெப்பநிலை, காற்றின் வேகம், திசை, மழை வாய்ப்பு ஆகியவற்றைச் சொல்லி, அதற்கேற்பத் தீவனத்தையும் மருந்தையும் எப்படி மாற்றுவது என்று பண்ணையாளர்களுக்குச் சொல்வது அதன் வேலை. மனிதருக்கான வானிலை அறிக்கை குடை எடுத்துப் போகச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. கோழிக்கானது சாப்பாட்டுத் தட்டு வரை வருகிறது.

குளிர்காலம் பண்ணைக்காரருக்குச் செலவை மட்டும் தருவதில்லை, விலையையும் தருகிறது. நாமக்கல் மண்டலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி முட்டைகள் உற்பத்தியாகின்றன. 1982-இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை புரட்டாசியில் இறங்குவது இயல்பு. ஐயப்ப சீசனில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரு பகுதியினர் முட்டையைத் தொடுவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டுவது வடக்கின் குளிர். டெல்லியிலும் பஞ்சாபிலும் குளிர் ஏற ஏற முட்டை சாப்பிடுவது கூடும். ஹைதராபாத், விஜயவாடா முட்டைகள் வடக்கே போகத் தொடங்கும்; தெற்குச் சந்தையில் போட்டி குறைந்து நாமக்கல் விலை நிமிரும். கூடவே கேரளத்துக் கிறிஸ்துமஸ் கேக். ஆக, நாமக்கல் பண்ணையாளர் விரும்புவது தன் ஊரில் இளங்குளிரும் டெல்லியில் கடுங்குளிரும்.

இதே பருவத்தில்தான் பறவைக் காய்ச்சல் பயமும் வரும். வலசைப் பறவைகள் தெற்கே வரும் மாதங்கள் இவை. 2021 ஜனவரியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகளுக்கு நோய் வந்தது. நாமக்கல் பண்ணைகளில் நோய் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் முழு உடைக் கவசத்தோடு ஆட்கள் வாத்துகளைச் சாக்கில் போடும் காட்சி ஓடிய சில நாட்களில் இங்கே முட்டை விலை சரிந்தது. நோயின் வேகத்தைவிடக் காட்சியின் வேகம் பெரிது என்பதைப் பண்ணையாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள்.

ஒரே சாலை, இரண்டு குளிர்

இந்தப் பக்கத்துப் பழைய 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இன்று 44. ஸ்ரீநகரில் தொடங்கி, ஜம்மு, டெல்லி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு வழியாகத் தொப்பூரில் இறங்கி, சேலம், ராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர் தாண்டிக் கன்னியாகுமரியில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். நாமக்கல், சங்ககிரி லாரிகளும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் நாடு முழுவதும் ஓடுகின்றன. நாமக்கல் பட்டறையில் பாடி கட்டிய லாரி, ஊரைவிட்டு வெளியேறும் அதே சாலையிலேயே நேராகப் போனால் பனிப்புயலுக்குள் நுழையும்.

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான நாற்பது நாட்களுக்குச் சில்லை கலான் என்று பெயர், கடுங்குளிரின் உச்சம். மார்கழி ஆறாம் நாள் வாக்கில் தொடங்கித் தை நடுவில் முடிகிற கணக்கு. நாமக்கல்லில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தும் நாட்களில் அங்கே தால் ஏரியின் ஓரம் உறைந்துகொண்டிருக்கும். மத்தியதரைக்கடல் பக்கம் உருவாகி ஈரான், பாகிஸ்தான் வழியாக வரும் மேற்கத்திய இடையூறு என்ற காற்றமைப்புதான் அங்கே பனியைக் கொட்டுகிறது. ஒன்று வந்து போனால் இரண்டு மூன்று நாள். அடுத்தடுத்து இரண்டு வந்தால் ஒரு வாரம்.

ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே ஏறத்தாழ 270 கிலோமீட்டர். 1956-இல் திறந்த ஜவாஹர் சுரங்கம் பீர் பஞ்சால் மலையை 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கடந்தது. பனி மூடினால் அதன் இரண்டு வாயும் அடைபடும். 2017-இல் செனானி–நாஷ்ரி சுரங்கமும், 2021-இல் பனிஹால்–காசிகுண்ட் இடையே எட்டரை கிலோமீட்டர் நீளச் சுரங்கமும் திறக்கப்பட்ட பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. முழுதும் தீரவில்லை. ராம்பன் பகுதியில் பனியோடு மழை சேர்ந்தால் மலையே சரிந்து சாலையில் உட்கார்ந்துவிடுகிறது. 2021 ஜனவரி முதல் வாரத்துப் பனிப்பொழிவில் சாலை பல நாட்கள் மூடப்பட்டு, லாரிகள் ஆயிரக்கணக்கில் வரிசை கட்டி நின்றன.

அப்படி நிற்கும்போது குளிரைவிட முதலில் தீர்வது அரிசி. தமிழ்நாட்டு லாரிக்காரர்கள் அடுப்பு, அரிசி, புளி, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்திருப்பார்கள். ஆனால் அது ஒழுங்காக ஓடும் பயணத்துக்குப் போட்ட அளவு. அடுத்து டீசல். சாதாரண டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்கில் −33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியது அந்தப் பக்கத்து வழக்கம். டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றும் ஆபத்தான வித்தையும் சாலையில் உண்டு. வண்டி நிற்கும் நாட்களுக்கு ஹால்டிங் பணம் கிடைப்பது பேசிய பேச்சையும் புக்கிங் ஆபீசையும் பொறுத்தது. வண்டிக்கு வாங்கிய கடனின் மாதத் தவணைக்கோ பனி விடுமுறை கிடையாது.

கைக்குள் வந்த வானம்

முன்பெல்லாம் வடக்கே போன லாரி எங்கே நிற்கிறது என்று தெரிய, ஓட்டுநர் ஏதாவது ஒரு தாபாவிலிருந்து டிரங்க் காலோ எஸ்.டி.டி.யோ போட வேண்டும். இன்று உரிமையாளர் நாமக்கல்லில் திண்ணையில் உட்கார்ந்தபடி பார்க்கிறார். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபின் ஒவ்வொரு சுங்கச்சாவடியைத் தாண்டும்போதும் அவர் போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. ஜி.பி.எஸ். திரையில் வண்டி ஒரு புள்ளி. அந்தப் புள்ளி உதம்பூரில் மூன்று நாளாக நகராமல் இருந்தால், ஜம்மு–காஷ்மீர் போக்குவரத்துக் காவல் துறை மறுநாளுக்காக இணையத்தில் வெளியிடும் அறிவிப்பைத் தேடிப் படிக்கிறார்: எந்தப் பக்கத்து வண்டிக்கு வழி, எத்தனை மணி வரை. பனிப்புயல் அவருக்கு ஒரு அட்டவணையாக வந்து சேர்கிறது.

வானிலைக்கென்றே கருவிகள் பெருகிவிட்டன. இந்திய வானிலைத் துறை 2019-இல் விவசாயிகளுக்காக ‘மேகதூத்’ செயலியையும், 2020-இல் பொதுமக்களுக்காக ‘மௌசம்’ செயலியையும் கொண்டுவந்தது. இடி மின்னலுக்கு ‘தாமினி’. 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்–3டிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களின் படங்கள் பொதுவில் கிடைக்கின்றன; விடியற்காலையில் கங்கைச் சமவெளி முழுவதும் மூடுபனி வெள்ளைத் துணியாக விரிந்து கிடப்பதை அதில் பார்க்கலாம். டெல்லியிலிருந்து சேலம் ஜங்ஷனுக்கு வர வேண்டிய ரயில் ஏன் இத்தனை மணி தாமதம் என்பதற்கு அந்த ஒரு படமே பதில். செக் நாட்டில் 2014-இல் தொடங்கிய ‘விண்டி’ தளத்தில் காற்று கோடுகோடாக ஓடுவதைப் பார்ப்பது இப்போது பலருக்குப் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. வங்கக் கடலில் சுழி உருவானால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதைத் திறக்கிறார்கள். விடுமுறை வருமா என்பதுதான் அவர்களுடைய ஆய்வு.

இவற்றைப் பார்ப்பதில் ஒரு பிழை பரவலாக இருக்கிறது. மூட்டம் என்பது மிகவும் உள்ளூர்ச் சங்கதி. ஏரியை ஒட்டிய ஊரில் பத்தடிக்கு அப்பால் தெரியாதபோது அடுத்த மேட்டில் வெயில் அடிக்கலாம். செயலி காட்டும் 19 டிகிரி பல கிலோமீட்டர் பரப்புக்குப் பொதுவான ஒரு மதிப்பு. கொட்டகைக்குள் ஒரு வெப்பமானியை ஆணியில் மாட்டுகிற பண்ணையாளர் அதைவிடச் சரியான தகவலை வைத்திருக்கிறார்.

மாலையில் பனி இறங்கத் தொடங்கியதும் கதவுகள் சாத்தப்படுகின்றன. தொலைக்காட்சிக்கு இது நல்ல பருவம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கினாலும் சேலம் பக்கத்து வீடுகளுக்குப் படம் தெளிவாக வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே ஒருவர் ‘வந்துருச்சு, போயிருச்சு’ என்று கத்த, திரை முழுக்கப் புள்ளிகள் பறந்த காலம் அது. 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்து கேபிள் தெருத்தெருவாக ஓடிய பிறகு புள்ளி மறைந்தது. 2006-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் கூலித் தறிக்காரர் வீட்டுக்கும் பெட்டியைக் கொண்டு சேர்த்தது. மார்கழியில் கச்சேரியும் திருப்பாவை உரையும், பொங்கலுக்குப் பட்டிமன்றமும் புதுப்படமும் ஜல்லிக்கட்டு நேரலையும், ஜனவரி 26-இல் டெல்லி அணிவகுப்பும் என்று பருவத்துக்கு ஒரு நிகழ்ச்சிநிரலே இருக்கிறது. குடியரசு தினக் காட்சியில் மூட்டத்துக்குள்ளிருந்து வரும் குதிரைப்படையைப் பார்த்தே இங்கே பலருக்கு டெல்லிக் குளிர் அறிமுகம்.

உறைந்த பனியையும் இந்த ஊர் பெரும்பாலும் திரையில்தான் பார்த்தது. 1992-இல் வந்த ‘ரோஜா’ அதில் முக்கியமானது. காஷ்மீர்க் கதை என்றாலும் அங்கே அன்றிருந்த நிலைமையால் படப்பிடிப்பு இமாச்சலத்தின் மணாலிப் பக்கம் நடந்தது; திரையில் காஷ்மீராக மனத்தில் பதிந்தது உண்மையில் வேறு மாநிலத்துப் பனி. இப்போது நிஜப் பனி கைப்பேசியில் வருகிறது. பனிஹாலில் சிக்கிய ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வீடியோ காலில் வெளியைக் காட்டுகிறார். ராசிபுரத்தில் பேரப்பிள்ளைகள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேட்பது அம்மா மட்டும்.

மாசி பாதியில் மூட்டம் மெலிகிறது. சிவராத்திரிக்கு இரவெல்லாம் கண்விழிப்பவர்கள்தான் அந்த ஆண்டின் கடைசிப் பனியில் நனைபவர்கள். மாமரங்களில் பூ உதிர்ந்து பிஞ்சு தெரியும். வடக்கே வெயில் ஏறியதும் முட்டை விலை மெல்ல இறங்கும். மார்ச் முதல் வாரத்தில் கோழிக் கொட்டகைகளில் சாக்குப் படுதாவைச் சுருட்டிக் கட்டிவிட்டு, கூரை மேல் தண்ணீர் தெளிக்கும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று திறந்து பார்க்கிறார்கள்.